கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்

ட்ரெக்கிங் போகலாம்னு நம்ம க்ரூப்ல ஒருத்தர் ஆரம்பிச்சா அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். முதல்ல ஒரு ஷூ லிங்க் வரும். அதுக்குக் கீழே பேக்பேக் லிங்க். அப்புறம் ஹெட்லேம்ப், ரெயின் கவர், மடக்குற குச்சி. மூணு வாரம் இதுவே ஓடும். கடைசியில் போவது என்னவோ ஒரே ஒரு நாள்.

போன செமஸ்டர் லீவில் நாங்கள் எட்டு பேர் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போனோம். போனவங்களுக்குத் தெரியும், அங்கே முதலில் இறங்கணும், அப்புறம்தான் ஏறணும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது பாட்டும் செல்ஃபியுமாக இருந்தோம். ஏறும்போது பாதியில் பேச்சு நின்றுபோனது. ஆனால் நிஜமான வலி அன்றைக்கு வரவில்லை, மறுநாள் காலையில்தான் வந்தது. ஹாஸ்டல் மாடிப்படியில் என்னால் நேராக இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். என் கால்ல இருந்தது நாலாயிரம் ரூபாய் ஷூ.

அந்த ரெண்டு நாள் படுத்துக்கிடந்தபோதுதான் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டியைப் பற்றிப் படித்தேன். 1955-ல், தன் 67-வது வயதில், சாதாரண கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு 3,300 கிலோமீட்டர் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் கன்னியாகுமரியில் கிளம்பி ரோட்டில் பஞ்சாப் வரைக்கும் போகிற தூரம். அதுவும் ரோடு கிடையாது, மலை.

இவரைப் பற்றி இணையத்தில் சுற்றுவது எல்லாம் இந்த ஒரு வரிதான். பாட்டி, கான்வாஸ் ஷூ, சாதனை, கைதட்டல். எனக்குப் பிடித்துப்போனது அதற்கு முந்தைய வருடம் நடந்த கதை. அதை முதலில் சொல்லிடறேன்.

அந்தப் பாதையின் பெயர் அப்பலாச்சியன் ட்ரெயில். அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி வடக்கே மெய்ன் மாநிலம் வரை 14 மாநிலங்களைக் கடந்து போகிறது. இப்படி ஒரு பாதை வேண்டும் என்று பென்டன் மெக்காய் என்பவர் 1921-ல் எழுதினார். 1937-ல் பாதை முழுசாக இணைந்தது. 1948-ல் எர்ல் ஷாஃபர் என்ற முன்னாள் ராணுவ வீரர் முதல்முறையாக ஒரே பயணத்தில் முழுவதையும் நடந்தார். அதன்பிறகும் முடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தனியாக ஒரே பயணத்தில் முழுப் பாதையையும் முடித்த பெண் ஒருவரும் இல்லை.

ஒஹாயோ மாநிலத்தில் இருந்த எம்மாவுக்கு இந்தப் பாதை அறிமுகமானது ஒரு டாக்டர் கிளினிக்கில். காத்திருக்கும்போது கையில் கிடைத்தது நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையின் பழைய இதழ், 1949-ல் வந்தது. அதில் கலர் படங்களோடு இந்தப் பாதையைப் பற்றி ஒரு கட்டுரை. படித்தால் ஏதோ பார்க்கில் வாக்கிங் போவது மாதிரி இருந்தது. பாதை அகலமாக இருக்கும், அடையாளம் தெளிவாக இருக்கும், ஒரு நாள் நடையின் முடிவில் தங்குவதற்குக் கொட்டகை இருக்கும். அதில் எவ்வளவு தப்பு என்று பிற்பாடு எம்மாவே பத்திரிகைக்காரர்களிடம் சலித்துக்கொண்டார்.

1954 ஜூலை. எம்மாவுக்கு 66 வயது. வடக்கு முனையில் தொடங்கித் தெற்கே நடப்பது என்று முடிவு செய்து, யாரிடமும் விவரம் சொல்லாமல் மெய்ன் மாநிலத்துக்குப் போய் இறங்கினார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வடக்கு முனை என்பது கட்டாடின் என்ற மலையின் உச்சி, 1,605 மீட்டர். அங்கிருந்து நடையைத் தொடங்க வேண்டும் என்றால் முதலில் அந்த மலை மேல் ஏறணும். ஏறின அதே கையோடு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் இறங்கணும். படிக்கட்டு எல்லாம் கிடையாது. ஆள் உயரப் பாறைகள். சில இடங்களில் கை வைத்துத்தான் இறங்க முடியும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் தொடையை அதிகம் அடிக்கிறது. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உங்கள் முழு எடையையும் பிரேக் பிடிக்க வேண்டும். அதாவது தசை இழுபட்டுக்கொண்டே தாங்க வேண்டும். அப்படித் தாங்கும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் ஏற்படுகிறது. வலி உடனே வராது. ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, மூன்று நாள் வரைக்கும்கூட வச்சு செய்யும். என் ஹாஸ்டல் மாடிப்படிக் கதை இதுதான். எம்மா முதல் நாளே இதைச் செய்தார், எங்களை மாதிரி மறுநாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள முடியாத இடத்தில்.

அடுத்து பை. கட்டாடின் அடிவாரத்தைத் தாண்டியதும் பாதை ஒரு பெரிய காட்டுக்குள் போகிறது. இன்றைக்கும் அந்தப் பகுதியில் சுமார் 160 கிலோமீட்டருக்கு ஒரு ஊர் கிடையாது. அதனால் அத்தனை நாள் சாப்பாட்டையும் முதலிலேயே தூக்கிக்கொள்ள வேண்டும். உடம்பு துளிகூடப் பழகாத முதல் வாரமும் பை அதிகபட்சக் கனத்தில் இருக்கும் வாரமும் ஒன்றாகவே வருகிறது. வடக்கிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஓய்வு என்று எதுவும் ஆரம்பத்தில் இல்லை. கேம் விளையாடுபவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கடைசி லெவலை முதலில் ஆடுவது மாதிரி.

எம்மா சில நாட்கள் நடந்தார். ரெயின்போ ஏரிப் பக்கத்தில் பாதையைத் தவறவிட்டார். அந்தப் பாதையின் அடையாளம் மரங்களிலும் பாறைகளிலும் பூசிய வெள்ளைப் பெயின்ட் பட்டை. இரண்டு இஞ்ச் அகலம், ஆறு இஞ்ச் உயரம், அவ்வளவுதான். ஒரு திருப்பத்தில் அதைப் பார்க்காமல் விட்டால் அடுத்த அரை மணி நேரம் நீங்க வேறு எங்கேயோ நடந்துகொண்டிருப்பீங்க. இதற்கு நடுவே அவருடைய மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. காயத்துக்கு ஒட்டும் பேண்ட்-எய்டை எடுத்து அதை ஒட்டிக்கொண்டார். சாப்பாடு தீர்ந்துகொண்டே வந்தது. வெளியில் படுத்தார். கொசுவும் கடிக்கிற ஈயும் நிறைந்த காடு அது. இதற்குள் அவரைத் தேட ஆட்கள் கிளம்பியிருந்தார்கள்.

கடைசியில் ஏரிப் பக்கத்து முகாமில் அவர்களிடம் வந்து சேர்ந்தார். காட்டு அலுவலர்களுக்கு ஒரே முடிவுதான். பாட்டி, பேசாம வீட்டுக்குப் போங்க. அவரை வண்டி ஏற்றி விட்டார்கள். தான் தொலைந்துபோகவே இல்லை, கொஞ்சம் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்று எம்மா அவர்களிடம் வாதாடியதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒஹாயோவுக்குத் திரும்பியபின் இந்தக் கதையை அவர் வீட்டில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி அவருடைய முந்தைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 1955-ல் அவர் ஏன் மறுபடியும் கிளம்பினார் என்பது புரியாது.

எம்மா ரொவீனா கால்டுவெல் 1887 அக்டோபர் 25-ல் ஒஹாயோ மாநிலத்தின் கேலியா மாவட்டத்தில் பிறந்தார். 15 பிள்ளைகளில் ஒருவர். அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தவர். வீட்டில் ஒரு கட்டிலுக்கு நாலு பிள்ளைகள் படுத்துத் தூங்கினார்கள். எம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார்.

1907-ல், 19 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை கல்லூரியில் படித்தவர், ஸ்கூல் வாத்தியாராக இருந்தவர், பிறகு புகையிலை விவசாயி. ஊர்ப் பார்வையில் நல்ல சம்பந்தம். மூன்று மாதத்துக்குள் அடிக்க ஆரம்பித்தார். அது முப்பது வருடத்துக்கு மேல் நடந்தது.

இதை நான் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். 11 குழந்தைகள். வீட்டு வேலையோடு வயல் வேலையும் எம்மாதான். புகையிலைத் தோட்டம், வேலி போடுவது, சிமென்ட் கலப்பது வரைக்கும். பல தடவை முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு அடி வாங்கியிருக்கிறார். தாங்க முடியாதபோது காட்டுக்குள் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வார். அவருக்குக் காடு என்றால் யாரும் அடிக்காத இடம். ட்ரெக்கிங், நேச்சர் என்று நாம் பேசுகிறோமே, அந்த அர்த்தத்தில் அவர் காட்டை நேசித்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அவருடைய கணக்கு வேறு.

1939-ல் ஒரு நாள் சண்டையில் எம்மா ஒரு மாவு மூட்டையைத் தூக்கிக் கணவர் மேல் எறிந்தார். போலீஸ் வந்து கைது செய்தது யாரை என்று நினைக்கிறீங்க? எம்மாவை. உடைந்த பல்லோடும் விலா எலும்பில் விரிசலோடும் லாக்கப்பில் இருந்தவரை அந்த ஊர் மேயர் பார்த்துவிட்டு, வெளியே எடுத்துத் தன் வீட்டில் பாதுகாப்பாகத் தங்க வைத்தார். 1941-ல் எம்மாவுக்கு விவாகரத்து கிடைத்தது. அப்போது வயது 53.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் கடைசிப் பிள்ளைகளை வளர்த்தார், கிடைத்த வேலைகளைச் செய்தார், தோட்டம் போட்டார். பிள்ளைகள் எல்லோரும் அவரவர் குடும்பம் என்று போனார்கள். பேரப்பிள்ளைகள் எண்ணிக்கை 23 ஆனது. அப்புறம்தான் அந்த டாக்டர் கிளினிக்.

இப்போ 1955-க்கு வருவோம்.

இரண்டாவது முறை எம்மா மாற்றிய முக்கியமான விஷயம் திசை. ஜார்ஜியாவில், தெற்கு முனையில் தொடங்கினார். அப்போது அந்த முனை ஓகிள்தார்ப் என்ற மலை, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். இப்போது பாதை ஸ்பிரிங்கர் மலையில் தொடங்குகிறது, அந்த மாற்றம் 1958-ல் வந்தது. தெற்கில் தொடங்கினால் ஏற்றம் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஜார்ஜியாவிலும் அதைத் தாண்டியும் மலைகள் மேலே கீழே என்று போய்க்கொண்டேதான் இருக்கும். கொஞ்ச நாளில் ஸ்மோக்கி மலைகளில் 2,000 மீட்டர் தாண்டுவீங்க. ஆனால் வழியில் ஊர்களும் வீடுகளும் உண்டு. பை கனத்தைக் குறைக்கலாம். வழி தவறினால் கதவு தட்ட ஒரு வீடு இருக்கும். போன வருடம் வாங்கிய அடிக்கு அவர் கண்டுபிடித்த பதில் இது.

பிள்ளைகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்னு. எங்கே, எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. நாங்கள் கொல்லிமலை போனபோது வீட்டில் ப்ராஜெக்ட் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எட்டில் அஞ்சு பேர். அந்த அஞ்சு பேரில் நானும் உண்டு. அந்த வகையில் பாட்டி பொய்யே சொல்லவில்லை.

பையில் என்ன இருந்தது? முதலில் பையே அவர் கையால் தைத்தது. இரண்டு தோளுக்கும் பட்டை வைத்த பேக்பேக் கிடையாது, ஒரு தோளில் தொங்கவிடுகிற துணிப்பை. உள்ளே ராணுவப் போர்வை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, பாத்ரூமில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. மழை பெய்தால் அந்தத் திரைதான் கூரை. டென்ட் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. டின்னில் அடைத்த சின்ன சாசேஜ், உலர்ந்த திராட்சை, வேர்க்கடலை, சூப் கட்டி, பால் பவுடர். டார்ச், கத்தி, அயோடின், பேண்ட்-எய்டு. ஒரு டப்பா விக்ஸ். ஆமாம், நம்ம வீட்டுப் பாட்டிகள் மாதிரியே விக்ஸ். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போட்டுக்கொள்ள ஒரு நல்ல கவுன். எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோவுக்குள்.

மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதினவங்க உடனே கேட்பீங்க, ஒரே தோளில் மாட்டினால் எடை ஒரு பக்கமாக இழுக்காதா? முதுகெலும்பு எதிர்ப்பக்கம் வளைந்துதான் சமன் செய்யணும், இல்லையா? சரிதான். அதனால்தான் யாரும் இப்படி மாட்டுவதில்லை. ஆனால் எடை குறைவாக இருந்தால் வலிக்கும்போது அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இருபது கிலோவை அழகாக இடுப்பில் பெல்ட் போட்டுத் தூக்குவதா, ஒன்பது கிலோவை அசிங்கமாகத் தோளில் போட்டுத் தூக்குவதா என்றால் ஒன்பது கிலோதான் ஜெயிக்கும். எம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. முப்பது வருடம் தண்ணீரும் விறகும் பிள்ளையும் தூக்கியவர்.

ஷூவுக்கும் இதே கதைதான். கெட்ஸ் கம்பெனியின் கான்வாஸ் ஷூ. நம்ம ஸ்கூலில் பி.டி. பீரியடுக்குப் போட்ட வெள்ளை கான்வாஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்க. அடிப்பாகம் மெலிசு, ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தெரியும். கணுக்காலுக்குப் பிடிப்பு கிடையாது. ஆனால் காலில் கூடுகிற எடை, முதுகில் கூடுகிற அதே எடையை விடப் பல மடங்கு சக்தியை வாங்கும். ஏன்னா ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி, முன்னே தள்ளி, நிறுத்தணும். ஒரு எட்டு 65 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தப் பாதைக்கு ஐம்பது லட்சம் எட்டு. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

1955 மே 3 அன்று ஓகிள்தார்ப் மலையில் நடையைத் தொடங்கினார்.

முதல் வாரங்கள் எல்லோருக்கும் எப்படி இருக்குமோ அப்படித்தான். முதலில் கொப்புளம். நிறைய பேர் நினைப்பது போல ஷூ தோலை மேலே தேய்ப்பதால் மட்டும் கொப்புளம் வருவதில்லை. வியர்வையில் ஈரமான தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வொரு எட்டுக்கும் முன்னும் பின்னும் நகரும். நடுவில் இருக்கிற தோல் அடுக்குகள் எதிரெதிராக இழுபட்டு உள்ளுக்குள் பிரியும். அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்ளும். நம்ம பாஷையில் சொன்னால் ஷியர் ஃபெயிலியர். மழை நாளில் இது இன்னும் மோசம். எம்மாவிடம் இருந்த அயோடினும் பேண்ட்-எய்டும் இதுக்குத்தான்.

அடுத்து பாதம். நாள் முழுக்க எடை தாங்கினால் பாதம் வீங்கும். ராத்திரி வீக்கம் வடியும். இது வாரக்கணக்கில் தொடர்ந்தால் வளைவைப் பிடித்துக்கொண்டிருக்கும் தசைநார்கள் தளர்ந்து பாதம் நிரந்தரமாக அகலமாகும், நீளமாகும். பயணம் முடியும்போது எம்மாவுக்கு ஷூ சைஸ் இரண்டு ஏறியிருந்தது. 67 வயசில் கால் வளர்ந்தது என்று சொல்லலாம். ஷூ மட்டும் ஆறேழு ஜோடி தேய்ந்துபோனது, ஜோடிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

அப்புறம் குளிர். மலை மேல் மே மாதத்திலும் ராத்திரி நல்ல குளிர் இருக்கும். ஒரு போர்வை போதாது. சருகுகளைக் குவித்து அதன்மேல் படுத்தார். கல்லைத் தீயில் சூடு செய்து அதோடு படுத்துக்கொண்டார். கொட்டகைகள் பலது இடிந்து கிடந்தன, சிலது எரிந்துபோயிருந்தன. பாதையில் கழுத்து உயரத்துக்குப் புதர். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன் என்று பிறகு பத்திரிகைகளிடம் ஒத்துக்கொண்டார். கிளம்பியாச்சு, இனி விடுவதாக இல்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

பசிக்கும்போது வழியில் தெரிந்த கீரையையும் காட்டுப் பழங்களையும் பறித்துத் தின்றார். எது தின்னலாம், எது கூடாது என்று கிராமத்தில் வளர்ந்தவருக்குத் தெரியும். வீடு தெரிந்தால் கதவு தட்டினார். சிலர் சாப்பாடு போட்டுக் கட்டிலும் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். தலை கலைந்து, அழுக்கு உடையில், தோளில் மூட்டையோடு ஒரு கிழவி வாசலில் நின்றால் என்ன நினைப்பார்கள்? அந்த ராத்திரிகளில் பிக்னிக் மேஜை மேலேயும் யார் வீட்டுத் திண்ணை ஊஞ்சலிலேயும்கூடத் தூங்கியிருக்கிறார்.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. முதல் தடவை இறங்கும்போது தொடையில் வருகிற அந்தப் பயங்கர வலி, அதே வேலையை மறுபடி செய்யும்போது ரொம்பவே குறைந்துவிடும். தசை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. முதல் சில வாரங்களைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. இன்றைக்கு இத்தனை வசதி வந்த பிறகும், முழுப் பாதையையும் நடக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் சுமார் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். நிறைய பேர் ஆரம்பத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். எம்மாவும் 1954-ல் அப்படித் திரும்பியவர்தான்.

நடுப்பகுதியை வேகமாகச் சொல்லிடறேன். வர்ஜீனியா வந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவரைப் பிடித்துவிட்டது. செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஆகஸ்டில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையும் எழுதியது. வழியில் நிருபர்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, ஏன் நடக்கிறீங்க? ஆளுக்கு ஒரு பதில் சொன்னார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தான் விதவை என்றார். முன்னாள் கணவர் அப்போது உயிரோடு இருந்தார்.

அந்தப் பதிலை நான் ரெண்டு மூணு தடவை யோசித்தேன். 3,300 கிலோமீட்டர் நடக்கத் தைரியம் இருந்தவர், அந்த ஒரு விஷயத்தை மட்டும் கடைசிவரை வெளியே விடவில்லை. முகத்தில் வாங்கிய அடிகள் எல்லாம் வெளியே தெரிந்தது அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான். அப்போதைய பத்திரிகைகளில் அவர் ஒரு ஜாலியான பாட்டி. நாமும் இன்றைக்குவரை அந்தப் பாட்டியைத்தான் ஷேர் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகஸ்டில் கானி, டயான் என்று இரண்டு புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமெரிக்கக் கிழக்குக் கரையை அடித்தன. ஆறுகள் பொங்கின. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு ஆற்றைக் கடக்க முடியாமல் எம்மா நின்றார். அந்தப் பக்கம் நடந்து வந்த கடற்படை இளைஞர்கள் இரண்டு பேர் அவரை நடுவில் வைத்து, மூவரையும் கயிற்றால் கட்டிக்கொண்டு, வெள்ளத்தைக் கடக்க வைத்தார்கள். நம்ம வயசுப் பசங்களாகத்தான் இருந்திருப்பாங்க. ஊருக்குப் போய் இந்தக் கதையைச் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள். அதன்பின் மெய்ன். ஆமாம், அதே மெய்ன். போன வருடம் திருப்பி அனுப்பிய அதே காடு. இந்தத் தடவை 3,000 கிலோமீட்டர் நடந்து பழகிய காலோடு அதற்குள் நுழைந்தார். கண்ணாடி இந்தத் தடவையும் உடைந்தது. அந்தக் காட்டுக்கும் பாட்டியின் கண்ணாடிக்கும் ஏதோ பகை போல. ஆனால் திரும்பிப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மெய்ன் காட்டு ஆட்கள் இப்போது அவருக்கு உதவி செய்யத் தயாராக நின்றார்கள்.

1955 செப்டம்பர் 25. கிளம்பி 146-வது நாள். சராசரியாக ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர். எடை 13 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. எம்மா கட்டாடின் உச்சியில் நின்றார். அங்கே இருந்த பதிவு நோட்டில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் புகழ்பெற்ற தேசபக்திப் பாட்டு ஒன்றைக் கொஞ்சம் பாடினார். அப்புறம் அந்தப் பாறைகள் வழியே இறங்க ஆரம்பித்தார். பதினாலு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டுப் பையோடும் பழகாத காலோடும் இறங்கிய அதே மலை.

பிறகு டி.வி. நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட்டார்கள், க்ரௌச்சோ மார்க்ஸ் நடத்திய பிரபலமான ஷோ உட்பட. பாதை எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று எம்மா ஊர் ஊராகச் சொன்னது, பாதையைப் பராமரிப்பவர்கள் மேல் எல்லோருடைய கவனமும் திரும்பக் காரணமானது. 1959-ல், பழைய குடியேறிகள் மாட்டு வண்டியில் போன ஆரெகன் ட்ரெயில் வழியாக மிசௌரி மாநிலத்திலிருந்து போர்ட்லண்ட் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் நடந்தார். அப்பலாச்சியன் ட்ரெயிலை மொத்தம் மூன்று தடவை முடித்தார். மூன்றாவது முறை பகுதி பகுதியாக நடந்து 1964-ல் முடித்தார். அதை மூன்று தடவை முடித்த முதல் மனிதர் அவர்தான், ஆண் பெண் இரண்டும் சேர்த்து. சொந்த மாநிலத்தில் பக்கை ட்ரெயில் என்ற பாதை உருவாக உழைத்தார். ஹாக்கிங் ஹில்ஸில் அவர் பெயரில் இன்றைக்கும் ஒரு பாதை இருக்கிறது. 1973 ஜூன் 4-ல், 85 வயதில் இறந்தார்.

ஆனால் நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் வெற்றிக்குப் பிறகு இரண்டே வருடத்தில், 1957 வசந்த காலத்தில், எம்மா மறுபடியும் ஓகிள்தார்ப் மலை மேல் நின்றார். வயது 69. பாதை எப்படி இருக்கும் என்று இந்தத் தடவை நன்றாகவே தெரியும். காலில் கான்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை. வடக்குப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.